மணலுக்குக் காலா இருக்கு?

என் அப்பா துறைமுகத்தை ஜெயித்துக்கொண்டு வந்த அன்று எங்கள் ஊர் நபக்கில் ஆடு வெட்டி ஊருக்கே விருந்து வைத்தார்கள். எங்களுக்குத் தெற்கே, கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் இருக்கும் சுவைராக்காரர்களிடமிருந்துதான் ஜெயித்தார். பாத்தினாக் கரையில் எங்கள் பக்கத்துக்கு ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம் வரப் போகிறது என்றதும், இரண்டு ஊரும் ஒரே பெண்ணுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகள் போல முட்டிக்கொண்டன. கடைசியில், இரண்டு ஊர்க் கடலையும் பிரிக்கிற எல்லை மரத்துக்கு வடக்கே, அதாவது எங்கள் பக்கம், அலைதடுப்புச் சுவர் வருவதாக முடிவானது. நபக்கின் நகுதா, வலைக்கும் படகுக்கும் தலைவரான கல்ஃபானை, அதாவது என் அப்பாவை, ஊர் தோளில் தூக்கி ஆடியது.

அளக்க வந்த பொறியாளர் ஒருவர் அன்றைக்கே எச்சரித்தார். இந்தக் கரையில் மணல் சும்மா கிடக்கவில்லை, அலையோடு தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது, குறுக்கே கல்லைப் போட்டால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும், கொஞ்சம் தள்ளி ஓடை முகத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். ஓடை முகம் இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத இடம். அதற்காகவா இத்தனை நாள் கட்டிப் புரண்டார்கள்? அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் ஐயா, மணலுக்குக் காலா இருக்கு?" என்று கேட்டார்.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் அது எங்கள் ஊரின் பழமொழியாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தால் "அதுக்குக் காலா இருக்கு?" என்று கேட்போம். கடையில் மாவு தீர்ந்துபோனாலும் அதையே கேட்போம். எனக்கு அப்போது கல்யாணமான புதுசு. நானும் சிரித்தவள்தான்.

துறைமுகத்தை நான் குறை சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் காற்று கிளம்பினால் படகைக் கரையேற்றுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். போன உயிர் திரும்பாத வீடுகளும் எங்கள் ஊரில் உண்டு. இப்போது படகுகள் சுவருக்குள் வாத்துகள் மாதிரி நிற்கின்றன. பனிக்கட்டி அறை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. நன்றி மறந்தவள் என்று யாரும் என்னைச் சொல்ல வேண்டாம்.

ஆனால் அந்தப் பொறியாளர் சொன்னது அப்படியே நடந்தது. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து நஷிக் காற்று வந்து எங்கள் கரையைப் பிராண்டும். அது புதிதல்ல, எப்போதும் நடப்பது. வெயில் காலத்தில் தெற்கிலிருந்து மணல் வந்து அந்தக் காயத்தை ஆற்றிவிடும். சுவர் வந்த பிறகு நஷி மட்டும் தவறாமல் வந்தது, மணல் வரவில்லை. முதலில் வலை காயப்போடும் மேடு போனது. பிறகு ஓலைக் கொட்டகைகள். பிறகு முதல் வரிசைப் பேரீச்ச மரங்கள் வேரோடு சாய்ந்து கடலுக்குள் தலையை வைத்துப் படுத்தன. அப்புறம் எங்களுக்கு முன்னால் இருந்த மூன்று வீட்டுக்காரர்களும் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு காசு செலவில்லாமல் எனக்குக் கடல் பார்த்த வீடு கிடைத்தது.

சுவைராவிலோ தலைகீழ். சுவருக்குத் தெற்கே மணல் குவிந்து, குவிந்து, கடல் எங்கோ தள்ளிப் போய்விட்டது. பையன்கள் அதில் கால்பந்து மைதானம் போட்டார்கள். அவர்களுடைய நகுதா ஷன்பே, பலூச்சி மொழி பேசுகிறவர், அப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே எதிரியும் சிநேகிதருமானவர், மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை வைத்தார். சாயங்காலம் நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் இறங்கி வந்து, ஏலக்காய் மணக்கும் கரக் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டு கடல் பார்க்கும். அந்த டீயைக் குடிக்கும் எவனுக்கும் தான் எங்கள் ஊர் மணல் மேல் நிற்பது தெரியாது.

அப்பாவுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. புயல் என்றார். மலையடிவாரத்தில் கட்டிய அணை என்றார். சந்திரன் என்றார். ஒருமுறை, பெண்கள் சினிமாப் பாட்டு கேட்பதால் என்றும் சொல்லிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சுவர் என்ற சொல்லை மட்டும் அவர் வாய் உச்சரிக்கவே இல்லை. தான் ஜெயித்த பொருள் தன் ஊரைத் தின்கிறது என்று எப்படிச் சொல்வார்? வீம்பு எங்கள் குடும்பத்துச் சொத்து. எனக்கும் அதில் பங்கு உண்டு.

இந்த வருஷம் என் சமையலறைச் சுவருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலம்தான் மிச்சம். எங்கள் கரைவலை இழுப்பதற்கும் அந்தத் துண்டு மணல்தான் மிச்சம். கரைவலை என்றால் கரை வேண்டும். படகு வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வரும், இரண்டு முனைக் கயிற்றையும் வண்டியில் கட்டிக் கரைக்கு இழுப்போம், மத்தியை அந்த மணலிலேயே பரப்பிக் காயவைப்போம். நஷிக்கு முன்னால் மணல் திரும்பாவிட்டால் என் வீடும் போகும், ஊரின் வலையும் போகும். என் கணவர் முஸல்லத்துக்கு ஸுஹார் நகரத்தில் ஆலை வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மனை தருகிறார்களாம், போய்விடலாம் என்றார். அந்தப் பக்கம் ஒட்டகமும் தூசியும்தான் என்றேன். நான் போவதாக இல்லை.

மீன்வள அலுவலகத்திலிருந்து பொறியாளர் அஸீலா வந்தாள். என்னைவிட இளையவள், கெட்டிக்காரி, காலணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரை முழுக்க நடந்தாள். என் வீட்டில் ரொட்டியும் தேனும் சாப்பிட்டுக்கொண்டே வழி சொன்னாள். சுவருக்குத் தெற்கே குவிந்த மணலை அள்ளி வடக்கே கொட்ட வேண்டும், வருஷா வருஷம் கொட்ட வேண்டும், துறைமுக வாயைத் தூர்வாருகிற இயந்திரங்களே அதற்குப் போதும், அலுவலகம் தயார். ஒன்றே ஒன்றுதான் தடை. சுவைராக்காரர்கள் சம்மதிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் கிடக்கிற மணல் எங்களுடையது, ஒரு கூடை எடுக்க விட மாட்டோம் என்கிறார்கள். போலீஸை வைத்து மணல் அள்ள அவளுக்கு விருப்பமில்லை. இரண்டு ஊரும் தங்கள் முறைப்படி பேசித் தீர்த்துக்கொண்டால் மறுநாளே வண்டி வரும் என்றாள்.

எங்கள் முறை என்றால் கடல் முறை. வலை, படகு, மீன், எல்லை என்று எந்தச் சண்டையானாலும் எங்கள் கரையில் கடல் முறைச் சபைதான் தீர்க்கும். ஆனால் அங்கே வழக்கு வைக்க ஒரு வலையின் நகுதாவால்தான் முடியும். நபக்குக்கு ஒரே நகுதா என் அப்பா. நான் கேட்டேன், கெஞ்சினேன், பேச்சை நிறுத்தினேன், மறுபடி கேட்டேன். அவர் காது கேளாதவர் போலத் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

சரி, கேட்கிற மாதிரி சொல்லுவோம் என்று முடிவு செய்தேன்.

கரைவலை ஒரே ஆளின் சொத்தல்ல. துண்டு துண்டாகப் பங்காளிகளுக்குச் சொந்தம், எல்லாத் துண்டையும் சேர்த்துத் தைத்தால்தான் வலை. இந்தப் பக்கக் கை ஒருவருடையது, அந்தப் பக்கக் கை இன்னொருவருடையது. நடுவில், மீனெல்லாம் போய் விழுகிற மடி, என்னுடையது. என் அம்மா தன் வளையல்களை விற்று வாங்கி, உயிரோடிருக்கும்போதே எனக்குக் கொடுத்தது. பங்காளி தன் துண்டை எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம், அதுவும் கடல் முறைதான். மத்தி வரும் காலம் தொடங்கியிருந்தது. வலையைக் கரையில் விரித்து வைத்திருந்தார்கள். நான் மீன் அரியும் கத்தியோடு போய் மடியின் தையலருகே உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சாக அறுக்க ஆரம்பித்தேன்.

அப்பா ஓடி வந்தார். தலைப்பாகை பாதி அவிழ்ந்திருந்தது.

"என்னடி பண்றே ஸயானா?"

"என் சாமானை எடுத்துக்கறேன்."

"சீசன் நேரத்துல மடியைப் பிரிச்சா வலை என்னத்துக்கு ஆகும்?"

"ரெண்டு கை இருக்குல்ல. கையால அள்ளுங்க."

சுற்றி நின்ற பங்காளிகளில் ஒருவன் சிரித்துவிட்டான். அப்பா அவனை ஒரு பார்வை பார்த்தார், அவன் கடலைப் பார்க்க ஆரம்பித்தான்.

"நீங்க போய் சபையில வழக்கு வைங்க. இன்னைக்கே தச்சுத் தரேன்," என்றேன்.

"என்னன்னு வைக்கிறது? நான் கேட்டு வாங்கின துறைமுகம் என் ஊரைத் தின்னுதுன்னா?"

"ஆமா. அப்படியேதான்."

"அதுக்கு நான் கடல்ல விழுந்து சாகலாம்."

"விழறதுக்கும் கரை வேணும்பா."

அவர் தலைப்பாகையை இழுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கடைசி முடிச்சையும் அறுத்து, மடியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் பயமாகத்தான் இருந்தது. வீம்பு வேறு, பயம் வேறு. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வராத ஆளில்லை. பங்காளிகள் வந்தார்கள், அவர்கள் மனைவிகள் வந்தார்கள். என் அத்தை வந்து, பெற்ற அப்பனைச் சந்தி சிரிக்க வைக்கிறாயே, உனக்கு சொர்க்கத்தில் இடம் கிடைக்குமா என்று அழுதாள். சொர்க்கத்தில் கிடைக்குமோ என்னவோ, நபக்கில் கிடைக்க வேண்டும் என்றேன். முஸல்லம் தொலைபேசியில் திட்டினார், பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். கடலில் மத்திக் கூட்டம் கறுப்புத் திட்டாகக் கரையோரம் வந்து நின்றது. பறவைகள் அதன் மேல் விழுந்து விழுந்து எழுந்தன. எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வயிற்றில் அடிப்பது நான்தான் என்று எனக்குத் தெரியும். சன்னலை மூடிக்கொண்டு அழுதேன். ஆனால் மடியைக் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் காற்று கொஞ்சம் திரும்பியது. நஷி அல்ல, அதன் ஒத்திகை. ஏறி வந்த கடல்தண்ணீர் சமையலறைக் கதவு வழியாக உள்ளே வந்து, அடுப்பை அணைத்து, நான் ரொட்டி சுடும் தட்டையான இரும்புக் கல்லை உருட்டிக்கொண்டு வெளியே போனது. நான் மாவுக் கையோடு நின்று பார்த்தேன். அப்போது அப்பா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். குனிந்து துழாவி அந்தக் கல்லை எடுத்தார். தன் அங்கியிலேயே துடைத்தார். என் கையில் கொடுத்தார். சமையலறைச் சுவரில் தண்ணீர் ஏறிய ஈரக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊசியை எடுத்து வை," என்றார். "சபைக்கு ஆள் அனுப்பிட்டேன்."

அன்றைக்கே மடியைத் தைத்துக் கொடுத்தேன். சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

சபை சுவைராவில் கூடியது, அதுவும் அந்தக் கால்பந்து மைதானத்தில். பாய் விரித்து, பேரீச்சம்பழமும் காபியும் வைத்து, வழக்குப் பொருளின் மேலேயே எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். சபைத் தலைவர் ஷேக் முஹன்னா நடுவில். மடியின் சொந்தக்காரி என்ற முறையில் எனக்கும் இடம் உண்டு, சுவைராப் பெண்களோடு பின்னால் உட்கார்ந்தேன். அஸீலாவும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஷன்பே முதலில் பேசினார். அவர் பேச்சில் குறையே இல்லை. கடல் தூக்கிப் போட்டது எந்தக் கரையில் விழுந்ததோ அந்தக் கரைக்காரனுக்கே சொந்தம் என்பது கடல் முறை. நாளைக்கே ஒரு திமிங்கில அம்பர் ஒதுங்கினால், அது வடக்கே போய்க்கொண்டிருந்த அம்பர், எங்களுக்கு வர வேண்டியது என்று நபக்குக்காரன் கேட்க முடியுமா? மணலும் அப்படித்தான். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

அப்பா எழுந்தார். குரல் கரகரத்தது. அவர் இன்னொரு முறையைச் சொன்னார். ஒருவன் வலை வளைத்திருக்கும்போது, மீன் வருகிற திசையில், அவனுக்கு முன்னால் இன்னொருவன் வலை போடக் கூடாது. போட்டால், முன்வலையில் விழுந்தது அத்தனையும் பின்வலைக்காரனுக்குப் போக வேண்டும். எங்கள் கரை மணலுக்காகக் காத்திருக்கும் வலை, அந்தச் சுவர் எங்களுக்கு முன்னால் போட்ட வலை, அதில் சிக்கியது எங்களுக்கு வர வேண்டியது. இதுவும் எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் சுவரை யார் போட்டது என்பதை மட்டும் அப்பா சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

ஷன்பே அதை விடுவாரா? முட்டியில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி, சுவரை வலைன்னே வச்சுக்குவோம். அந்த வலைக்கு நகுதா யாரு? நானா போட்டேன்? இவன் கேட்டு, இவன் இடத்துல, இவன் ஆடு வெட்டிப் போட்ட வலை. தன் வலைக்குத் தானே குறுக்க போட்டுக்கிட்டவனுக்கு நாங்க எதுக்கு மணல் தரணும்? மணலுக்குக் காலா இருக்குன்னு கேட்டியே கல்ஃபான். இப்ப அது ஓடிப்போச்சுன்னு தேடிட்டு வந்திருக்கே."

சபை சிரித்தது. அன்றைக்குச் சிரித்த அதே சபை, அதே சிரிப்பு, ஆள் மட்டும் மாறிவிட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஷன்பேயை நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழுந்தேன். பாதி எழும்போதுதான் அவர் என்ன சொல்லிவிட்டார் என்று உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். கோபத்தை விழுங்கிக்கொண்டு, மடிக்காரி ஒரு கேள்வி கேட்கலாமா என்று ஷேக் முஹன்னாவிடம் அனுமதி கேட்டேன். கேள் என்றார்.

"வலை யாரோடதோ, அதுல விழுந்ததும் அவங்களோடதுதானே?"

"இதுல என்னம்மா சந்தேகம்?"

"அப்ப ஷன்பே மாமா சொன்னதை எல்லாரும் கேட்டுக்கோங்க. வலை எங்க அப்பாவோடதாம்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சுவைராப் பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் சிரிப்பு வந்தது, அதுவும் ஷன்பேயின் மனைவியிடமிருந்து. ஷன்பே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பலூச்சியில் ஏதோ சொன்னார், நல்ல வார்த்தையாக இருக்காது.

ஷேக் முஹன்னா சிரிக்கவில்லை. கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். இன்னொருவன் சொல்லி ஒரு வலை ஒருவனுடையது ஆகிவிடாது, அவனே தன் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றார். அப்பாவின் பக்கம் திரும்பினார். "கல்ஃபான், அந்த வலை உன்னோடதா?"

அப்பா எழுந்து நின்றார். கோலை ஊன்றி நின்றார். இல்லை என்றால் வழக்கு முடிந்தது, மணல் சுவைராவுக்கு. ஆம் என்றால், தன் ஊரின் முதல் வரிசையைக் கடலுக்குக் கொடுத்தவன் தான்தான் என்று இரண்டு ஊர் முன்னாலும் சொன்னதாகும். மூன்று குடும்பங்கள் வண்டியேறிப் போனது தன்னால்தான் என்று சொன்னதாகும். அவர் வீம்பை எனக்குத் தெரியும். அதே வீம்பால்தான் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். சொல்லுங்கள் அப்பா, சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கதறினேன். அஸீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சுவரைப் பார்த்தார். முதல்முறையாக அதை நேராகப் பார்த்தார்.

"என் வலைதான்," என்றார். "நான்தான் போட்டேன். வேணாம்னு சொன்னாங்க, கேக்கல. சிரிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஷன்பே கீழே பார்த்துக்கொண்டு மணலில் விரலால் கோடு போட்டார். பிறகு எழுந்து போய் காபிக் குவளையை எடுத்து, ஒரு கோப்பை ஊற்றி, தானே அப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா வாங்கிக் குடித்தார். எங்கள் ஊரில் அதற்கு மேல் சமாதானம் கிடையாது.

தீர்ப்பு சுருக்கமாக வந்தது. சுவர் வருவதற்கு முன் சுவைராவுக்கு எவ்வளவு கரை இருந்ததோ அவ்வளவு அவர்களுக்கு இருக்கட்டும், தேநீர்க் கடையும் இருக்கட்டும், மீதி வலையில் விழுந்தது, வலைக்காரனுக்கே சொந்தம். அதை ஒவ்வொரு வருஷமும் நஷிக்கு முன்னால் வடக்கே சேர்க்க வேண்டும். மைதானம் போய்விடுமே என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் சுவைராப் படகுக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, நல்லா இருப்பேம்மா, படகைத் தள்ளித் தள்ளி இடுப்பு ஒடிந்துபோச்சு, கடல் கொஞ்சம் பக்கத்தில் வரட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அஸீலா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வண்டிகள் வந்தன. பகலெல்லாம் சுவருக்குத் தெற்கே அள்ளி, என் வீட்டுக்கு முன்னால் கொட்டின. சமையலறைச் சுவரிலிருந்து கடல் நகர ஆரம்பித்தது. அஸீலா மட்டும் ஒரு விஷயத்தை மறுபடி மறுபடி சொன்னாள். இது இங்கேயே தங்காது, கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே போகும், போக வேண்டியதுதான், வடக்கே அடுத்த ஊரான ஹுரைமாக்காரர்கள் கரையும் இதே மணலுக்காகத்தான் காத்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை.

கடைசி மணல் வண்டி போன மறுநாள் காலை ஒரு லாரி வந்து நின்றது. அதில் மணல் இல்லை, பாறாங்கற்கள். எங்கள் பங்காளிகள் ரகசியமாகக் காசு சேர்த்து வரவழைத்தது, என் கணவர் முஸல்லமும் அதில் கூட்டு. ஊரின் வடக்கு முனையில் கடலுக்குள் ஒரு சின்னத் தூண்டில் வளைவு போட்டுவிட்டால் வந்த மணல் ஓடாது, வருஷா வருஷம் சுவைராக்காரன் முகத்தில் விழிக்கவும் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. என் வீட்டைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள், எனக்கும் தெரியும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், போடட்டுமே என்று என் மனசும் சொன்னது. பிறகு ஹுரைமாவில் எவளோ ஒருத்தி தன் ரொட்டிக் கல்லைத் தேடித் தண்ணீரில் நிற்பது கண்ணில் வந்தது. மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன். இன்னொரு தடவை மடியைப் பிரிப்பது என்றாலும் சரி என்ற முடிவோடுதான் போனேன்.

எனக்கு முன்னால் அப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார். லாரிக்கு நேர் எதிரே, கோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு.

"எங்க கொட்டணும் பெரியவரே?" என்று ஓட்டுநர் தலையை நீட்டிக் கேட்டான்.

"எங்கேருந்து எடுத்தியோ அங்க."

முஸல்லம் முன்னால் வந்து, மாமா, கல்லைப் போடாவிட்டால் இந்த மணலெல்லாம் வடக்கே ஓடிப்போய்விடும் என்று மெதுவாகச் சொன்னார். பங்காளிகளும் அதையே சொன்னார்கள். அப்பா அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அன்றைக்குப் பொறியாளர் சொன்னதை அப்படிக் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓடட்டும்," என்றார் அப்பா. "அதுக்குக் கால் இருக்கு."

லாரி பின்வாங்கித் திரும்பிப் போனது. நான் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, மிச்ச மத்தியை அரியப் போனேன்.